இரும்பு வாங்குறதுக்கு முன்னாடி: ஸ்ட்ரென்த் ஸ்டுடியோ பத்தி வாசகர் கேள்விகள்

சின்னதா ஒரு ஸ்ட்ரென்த் டிரெய்னிங் ஸ்டுடியோ ஆரம்பிக்கணும், இல்ல ஆரம்பிச்சாச்சு இனி எப்படி ஓட்டுறதுன்னு கேட்டு வந்த கேள்விகள்ல சிலதை இந்த தடவை எடுத்திருக்கேன். ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன். பேர் போட வேணாம்னு பலர் கேட்டதால யார் பேரும் போடல.

கேள்வி: மாஸ்டர் வணக்கம். 600 சதுர அடியில ஒரு இடம் பாத்திருக்கேன், முதல் மாடி. வாடகை கட்டுப்படியாகுது. ஆனா இவ்ளோ சின்ன இடத்துல என்னத்த நடத்துவேன்னு வீட்ல எல்லாரும் கேக்குறாங்க. போதுமா?

600 சதுர அடி தாராளமா போதும், எனக்கு உறுத்துறது அந்த முதல் மாடிதான், அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல இடக் கணக்கு. 20 கிலோ பார்பெல்லோட நீளமே 2.2 மீட்டர், ரெண்டு பக்கமும் பிளேட் மாட்ட ஆள் நிக்கணும், ரேக்ல (பாரைத் தாங்குற இரும்புச் சட்டம்) இருந்து பின்னாடி ஒரு எட்டு வைக்க இடம் வேணும், அப்போ ஒரு ஸ்டேஷனுக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் விட்டீங்கன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்காம இருக்கலாம். 600 சதுர அடின்னா கிட்டத்தட்ட 55 சதுர மீட்டர். நாலு ஸ்டேஷன் போட்டா 36 போயிடும், மிச்சம் இருக்குறதுல டம்பெல், ஒரு ரெண்டு பெஞ்ச், வார்ம்-அப் பண்ண கொஞ்சம் வெறுந்தரை, பை வைக்க செருப்பு விட ஒரு மூலை. நாலுக்கு மேல ஸ்டேஷன் இருந்தா ஒரு கோச்சால எப்படியும் பார்க்க முடியாது, அதனால இடம் சின்னதுன்னு கவலைப்படாதீங்க.

அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி டேப் எடுத்துட்டு போய் உயரத்தை அளங்க. உயரமான ஆள் ஒருத்தர் பார்பெல்ல தலைக்கு மேல தூக்கி நிக்கும்போது கைப்பிடியே தரையில இருந்து 2.2, 2.3 மீட்டர்ல இருக்கும், பெரிய பிளேட்டோட விட்டம் 45 சென்டிமீட்டர், அதுல பாதி அதுக்கும் மேல நிக்கும், கீழ நீங்க போடுற ரப்பரும் பிளைவுட்டும் ஒரு 5 சென்டிமீட்டர் தின்னும். 2.7 மீட்டருக்கு கீழ இருக்குற இடத்தை நான் எடுக்கவே மாட்டேன், 3 மீட்டர் இருந்தா சந்தோஷம். அளக்கும்போது சீலிங் அளந்துட்டு வந்துடாதீங்க, குறுக்க ஓடுற பீம், தொங்குற ஃபேன், லைட் இதுக்கெல்லாம் கீழ எவ்ளோ இருக்குன்னு பாருங்க.

இப்ப மாடி. பல நாடுகள்ல வீட்டுக்கான தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ தாங்குற கணக்குல கட்டுவாங்க, ஜிம்முக்குன்னா சுமார் 500 கிலோ. ரெண்டுக்கும் எவ்ளோ தூரம் பாருங்க. அதோட இது சும்மா அடுக்கி வெச்ச பாரம் கிடையாது, மேல இருந்து விழுற பாரம், 100 கிலோ பார் கீழ விழும்போது தரைக்கு விழுற அடி 100 கிலோவோட நிக்காது. ஓனர் "ஒண்ணும் ஆகாது, கட்டடம் ஸ்ட்ராங்"னு சொல்வாரு, அதை கேட்டுட்டு கையெழுத்து போட்றாதீங்க, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை கூட்டிட்டு போய் எழுத்துல வாங்குங்க. அவர் சரின்னு சொன்னாலும் கீழ்வீட்டுக்காரங்க தலைமேல தினமும் சத்தம் கேட்டுட்டே இருக்கும். என் யோசனை கேட்டா, இன்னும் கொஞ்சம் சின்ன இடமா இருந்தாலும் தரைத்தளம் தேடுங்க.

கேள்வி: கையில இருக்குற காசுக்கு என்னென்ன வாங்கலாம்னு லிஸ்ட் போட்டு குடுங்க மாஸ்டர். டிரெட்மில் இல்லாம இருந்தா ஜிம்முன்னு ஒத்துப்பாங்களா?

டிரெட்மில் வேணாம். அது நிக்குற இடத்துல ஒரு ரேக் நிக்கும், அந்த ரேக்ல ஒரு ஆள் முழு உடம்புக்கும் வேலை குடுத்துடலாம். உங்ககிட்ட வர்றவங்க ஓடுறதுக்கு வரல, எடை தூக்கக் கத்துக்க வர்றாங்க, அதை முதல் நாளே தெளிவா சொல்லிடுங்க, டிரெட்மில் கேக்குறவங்களுக்கு வேற நல்ல ஜிம் இருக்கு.

வாங்குற வரிசையில ரேக்தான் முதல். நல்ல தடிமனான இரும்பு, தரையில போல்ட் போட்டு இறுக்க வசதி, முக்கியமா உள்ள, தூக்க முடியாம போனா பாரைத் தாங்கிப் பிடிக்குற சேஃப்டி பின் இல்லன்னா சேஃப்டி ஆர்ம். பின் மாட்டுற ஓட்டைகளுக்கு நடுவுல இடைவெளி அதிகமா இருந்தா குள்ளமானவங்களுக்கு ஒரு ஓட்டை உயரமாவும் அடுத்தது தாழ்வாவும் போய்டும், படுத்துக்கிட்டு பாரை நெஞ்சுல இருந்து மேல தள்ளுற பெஞ்ச் பிரஸ்ல இது ரொம்ப ஆபத்து, அதனால 5 சென்டிமீட்டர் அல்லது அதுக்கும் குறைவா இருக்கான்னு பாருங்க.

அடுத்தது பார், இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. 20 கிலோ பார் 28 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், 15 கிலோ பார் 25 மில்லிமீட்டர், கை சின்னதா இருக்குறவங்களுக்கு இந்த 3 மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். ரெண்டும் வேணும். அதோட கட்டாயம் ஒரு 10 கிலோ பாராவது வாங்குங்க, பல ஜிம்ல இது இருக்காது, முதல் நாள் வர்றவங்க 20 கிலோ வெறும் பாரை தலைக்கு மேல தூக்க முடியாம அவமானமா உணர்ந்து போறது இதனாலதான். சின்ன பிளேட்டும் அதே கதைதான், 1.25 கிலோ, 0.5 கிலோ ஜோடி ஜோடியா வாங்கிப் போடுங்க. 20 கிலோவை தலைக்கு மேல பிரஸ் பண்றவங்களை ஒரு தாவுல 25க்கு போகச் சொன்னா அது கால் பங்கு கூடுது, எந்த தோளும் ஒத்துக்காது, 21க்கு போகச் சொன்னா சிரிச்சுக்கிட்டே போவாங்க.

பிளேட் பழசு வாங்கலாம், தாராளமா. தராசுல ஒவ்வொண்ணா எடை போட்டு மட்டும் வாங்குங்க, மேல 20னு எழுதியிருக்கும் உள்ள வேற இருக்கும். பழைய பார் வாங்குறதா இருந்தா தட்டையான தரையில உருட்டிப் பாருங்க, வளைஞ்சிருந்தா நடு பாகம் ஏறி இறங்கும், ரெண்டு முனையும் கையால சுத்தி விட்டா தடங்கல் இல்லாம சுத்தணும். தரையில இருந்து தூக்குற பயிற்சிக்கு கீழ விழுந்தாலும் தாங்குற ரப்பர் பம்பர் பிளேட், அதுலயும் 5 கிலோ, 10 கிலோவே முழு 45 சென்டிமீட்டர் விட்டத்துல கிடைக்கும், புதுசா டெட்லிஃப்ட் கத்துக்குறவங்களுக்கு சரியான உயரத்துல பார் நிக்கும்.

அப்புறம் ஏத்தி இறக்குற பெஞ்ச், ஜோடி டம்பெல், ரெண்டு மூணு கெட்டில்பெல், பேண்ட், ஒரு உறுதியான மரப்பெட்டி. மிஷின் எல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்.

கேள்வி: சுவர் முழுக்க கண்ணாடி அவசியமா?

அவசியமே இல்ல. ஒரு பக்கம் இருந்தா போதும், அதுவும் ரேக்குக்கு நேரா வேணாம். பாரை தோள்ல வெச்சு உக்காந்து எழுந்திரிக்கிற ஸ்குவாட்ல இறங்கும்போது கண்ணாடியில தன்னையே பக்கவாட்டுல திரும்பிப் பாக்குறவங்க கழுத்தைத் திருகிக்கிட்டே எடை தூக்குறாங்க. அந்தக் காசை காத்தோட்டத்துக்குப் போடுங்க, புது ரப்பர் மேட் வாசனை முதல் சில வாரம் தலைவலி குடுக்கும்.

கேள்வி: ஒரு பேட்ச்சுக்கு 12 பேர் எடுத்தாதான் கட்டுப்படியாகும்னு நண்பர் சொல்றாரு. நீங்க நாலு பேருன்னு சொல்றீங்க. நாலு பேரை வெச்சுக்கிட்டு வாடகை எப்படி கட்டுறது?

இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா உங்க ஸ்டுடியோ எப்படிப்பட்ட இடமா இருக்கும்ங்கறதை இந்த ஒரு நம்பர்தான் முடிவு பண்ணுது.

நாலுங்கறதை நான் சும்மா சொல்லல. கனமா ஒரு செட் (நிறுத்தாம தொடர்ந்து சில தடவை தூக்குறது) பண்ண 30, 40 செகண்ட் ஆகும், அதுக்கப்புறம் 2லிருந்து 3 நிமிஷம் ரெஸ்ட் வேணும். நாலு பேர் இருந்தா ஒருத்தர் தூக்கும்போது மத்த மூணு பேரும் ரெஸ்ட்ல இருப்பாங்க, நாலு பேர் முடிக்க 160 செகண்ட், கரெக்டா முதல் ஆளோட ரெஸ்ட் முடிஞ்சு அவர் மறுபடி தயாராயிடுவாரு. அப்போ உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு கனமான செட் கூட நடக்காது. அஞ்சு பேருன்னா 200 செகண்ட், இழுத்துப் பிடிச்சு சமாளிக்கலாம். ஆறு பேருக்கு மேல போனா ரெண்டு பேர் ஒரே நேரத்துல தூக்க ஆரம்பிப்பாங்க, நீங்க ஒருத்தரைப் பாக்கும்போது இன்னொருத்தர் முதுகு வளையும். 12 பேருன்னா அது கூட்டமா எக்சர்சைஸ் பண்ற கிளாஸ், அதுவும் நல்ல விஷயம்தான், ஆனா அங்க கனமான பார் இருக்கக் கூடாது.

இப்ப வாடகைக்கு வருவோம். காலையில 3 ஸ்லாட், சாயங்காலம் 4 ஸ்லாட்னு வெச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு 28 சீட், வாரத்துக்கு 6 நாள்னா 168 சீட். ஒரு ஆள் வாரத்துக்கு மூணு தடவை வந்தா 56 மெம்பர். எல்லா சீட்டும் எப்பவும் நிரம்பாது, காலை 6 மணிக்கு எல்லாரும் கேப்பாங்க 10 மணிக்கு யாரும் வரமாட்டாங்க, அதனால முக்கால் பங்குன்னு எடுத்தா 42 மெம்பர். இப்ப வாடகை, கரண்ட், கோச் சம்பளம், கடன் தவணை, ரிப்பேர், இன்சூரன்ஸ், எல்லாத்துக்கும் மேல உங்களுக்கு ஒரு சம்பளம், இதையெல்லாம் கூட்டி 42ஆல வகுக்காதீங்க, 28, 30ஆல வகுங்க. வர்ற தொகைதான் நீங்க வாங்க வேண்டிய மாசக் கட்டணம், 30க்கு மேல வர்ற ஒவ்வொருத்தரும் உங்களுக்கு மூச்சு விட இடம் குடுப்பாங்க. உங்க சம்பளத்தை செலவுல சேர்க்காம கணக்கு போடுறவங்க ரொம்ப பேரு, ஒரு வருஷம் ஓசியில உழைச்சுட்டு அலுத்துப் போய் மூடிடுறாங்க.

அந்தக் கட்டணம் பக்கத்து ஜிம்மை விட ரெண்டு மடங்கா வருதேன்னு பயப்படாதீங்க. பக்கத்து ஜிம்ல கதவைத் திறந்து உள்ள விடுறதுக்கு காசு, இங்க ஒவ்வொரு செட்டையும் ஒருத்தர் பாத்து திருத்துறதுக்கு காசு. தனி பெர்சனல் டிரெய்னிங் எடுத்தா ஆகுற செலவோட ஒப்பிட்டா இது குறைவாத்தான் இருக்கும், அப்படித்தான் வர்றவங்களுக்கும் சொல்லணும். மூணு தடவை கட்டுப்படியாகாதவங்களுக்கு வாரம் ரெண்டு நாள் வெச்சுக் குடுங்க, ரெண்டு நாள் ஒழுங்கா வந்தாலே நல்லா பலம் கூடும்.

ஆறு மாச வாடகையை தனியா ஒதுக்காம மட்டும் கதவைத் திறக்காதீங்க.

கேள்வி: நான் ஸ்டுடியோ ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. 67 வயசுல ஒரு அம்மா, பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்க, எலும்பு அடர்த்தி வேற குறைஞ்சிருக்காம். சேரணும்னு ஆசையா கேக்குறாங்க. ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு பயந்து அப்புறம் சொல்றேன்னு அனுப்பிட்டேன். சரிதானே?

பயம் நியாயம், ஆனா அவங்களை திரும்பக் கூப்பிடுங்க தயவு செஞ்சு. ஸ்ட்ரென்த் டிரெய்னிங் யாருக்கு ரொம்ப தேவையோ அவங்களைத்தான் நம்ம தொழில் வாசல்லயே திருப்பி அனுப்புது, இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

1990ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. முதியோர் இல்லத்துல இருந்த, 86லிருந்து 96 வயசு வரைக்குமான 10 பேரை 8 வாரம் கனமான கால் பயிற்சி பண்ண வெச்சாங்க, முடிச்ச ஒன்பது பேருக்கும் சராசரியா 174 சதவீதம் பலம் கூடியிருந்துச்சு. 90 வயசுல! 2018ல ஆஸ்திரேலியாவுல லிஃப்ட்மோர்னு இன்னொரு ஆராய்ச்சி, மாதவிடாய் நின்னு எலும்பு அடர்த்தி குறைஞ்ச பெண்கள், வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம், டெட்லிஃப்ட், ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ், ஒரு குதிக்கிற பயிற்சி. 8 மாசம் பண்ணாங்க, இடுப்புலயும் முதுகெலும்புலயும் அடர்த்தி முன்னேறுச்சு. அங்க கவனிக்க வேண்டியது என்னன்னா ஒவ்வொரு தடவையும் பக்கத்துல தெரிஞ்ச ஆள் நின்னு பாத்துக்கிட்டாங்க, ஆரம்பத்துலயே கனமா குடுக்காம படிப்படியாத்தான் ஏத்துனாங்க. உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் எல்லா பெரியவங்களும் வாரத்துக்கு குறைஞ்சது 2 நாள் தசைக்கு பலம் தர்ற பயிற்சி பண்ணணும்னும், 65 தாண்டினவங்க பேலன்ஸ், பலம் ரெண்டும் சேர்ந்த பயிற்சியை 3 நாளோ அதுக்கு மேலயோ பண்ணணும்னும் இருக்கு.

செய்ய வேண்டியது இது. சேர்றதுக்கு முன்னாடி எல்லாருக்கும் உடல்நிலையைக் கேக்குற பார்-கியூ பிளஸ் (PAR-Q+) படிவம் குடுங்க, முதல் பக்கத்துல ஏழு கேள்வி, எதுக்காவது ஆமான்னு வந்தா அடுத்த பக்கங்களையும் நிரப்பணும், தேவைப்பட்டா டாக்டரைப் பாத்துட்டு வரணும். இந்த அம்மாவுக்கு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுங்க, என்ன பண்ணலாம் என்ன பண்ணக் கூடாதுன்னு தெளிவா. முதுகெலும்புல ஏற்கனவே முறிவு இருக்கான்னும் கேக்கச் சொல்லுங்க, இருந்தா குனிஞ்சு தூக்குறது, முறுக்குறது எல்லாம் வேணாம். முதல் நாள் மரப்பெட்டியில உக்காந்து எழுந்திரிக்கிறது, சுவத்துல கை வெச்சு புஷ்-அப், லேசான கெட்டில்பெல்ல பெட்டி மேல இருந்து தூக்குறது, அவ்ளோதான். மூச்சை அடக்கி முக்குனா பிரஷர் விருட்டுன்னு ஏறும், அதனால தூக்கும்போது மூச்சை வெளிய விடக் கத்துக் குடுங்க. கொஞ்ச மாசத்துல அவங்க பேரனை தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறுவாங்க, உங்க ஸ்டுடியோவுக்கு அதை விட விளம்பரம் வேணுமா.

கேள்வி: டிரையலுக்கு வந்தவங்க மறுநாள் வர்றதே இல்ல மாஸ்டர். செமையா ஒர்க்அவுட் குடுத்துதான் அனுப்புறேன்.

அந்த செமைதான் பிரச்சனை. பழக்கம் இல்லாத உடம்புக்கு முதல் நாளே முழு ஒர்க்அவுட் குடுத்தா ஒண்ணுலிருந்து மூணு நாளுக்குள்ள வலி உச்சத்துக்கு போகும், டாய்லெட்ல உக்கார முடியாது, அவங்க எப்படி திரும்ப வருவாங்க. வலி வந்தாதான் ஒர்க்அவுட்னு நினைக்கிறதை விட்ருங்க.

இதுல உண்மையான ஆபத்தும் இருக்கு. ரொம்ப நாள் சும்மா இருந்தவங்களை நூத்துக்கணக்குல ஸ்குவாட், புல்-அப் பண்ண வெச்சா தசை உடைஞ்சு அந்தக் கழிவு ரத்தத்துல கலந்து கிட்னியை பாதிக்கலாம், ராப்டோமயோலிசிஸ்னு பேரு. தசை வீங்கி, தாங்க முடியாத வலி, சிறுநீர் கருப்பு டீ மாதிரி போகுதுன்னு யாராவது சொன்னா தண்ணி குடிங்க சரியாயிடும்னு சொல்லிட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

முதல் நாள் நாலு அசைவு, ஒவ்வொண்ணும் ரெண்டு செட், இன்னும் நாலஞ்சு ரெப் (ஒரு தடவை தூக்கி இறக்குறது ஒரு ரெப்) பண்ண முடியும்ங்கற இடத்துல நிறுத்திடுங்க. மிச்ச நேரம் அவங்களைப் பேச விட்டு கேளுங்க, பழைய அடி எங்க, தூக்கம் எப்படி, எதுக்கு வந்தாங்கன்னு. போகும்போது "இவ்ளோதானா?"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும். மறுநாள் ஒரு மெசேஜ் போட்டு உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிங்க.

கேள்வி: மூணு மாசத்துல பாதி பேர் நின்னுடுறாங்க. வருஷ பேக்கேஜ் போட்டு மொத்தமா வாங்கிட்டா என்ன?

வாங்கலாம், ஆனா அந்தக் காசு உங்க பிரச்சனையை மறைச்சுடும். மாசத்துக்கு 100 பேர்ல 10 பேர் நின்னா சராசரியா ஒருத்தர் 10 மாசம் இருக்காருன்னு அர்த்தம், அதை 5 பேரா குறைச்சா 20 மாசம். விளம்பரத்துக்கு ஒரு ரூபா கூட செலவு பண்ணாம வருமானத்தை ரெண்டு மடங்காக்குற வழி இது. மாசா மாசம் எத்தனை பேர் நின்னாங்கன்னு எழுதி வைங்க, ஏன் நின்னாங்கன்னு போன் பண்ணி கேளுங்க.

ஏன் நிக்குறாங்கன்னா, பெரும்பாலும் முன்னேற்றம் அவங்க கண்ணுக்குத் தெரியல. ஒவ்வொரு மெம்பருக்கும் ஒரு நோட்டு போடுங்க, ஆப் வேணாம், நோட்டே போதும், தேதி, பயிற்சி, எடை, ரெப்ஸ், கடைசியில இன்னும் எத்தனை ரெப் மிச்சம் இருந்த மாதிரி தோணுச்சு. தாமஸ் டிலோர்ம்னு ஒரு ராணுவ டாக்டர் ரெண்டாம் உலகப் போர்ல காலுல அடிபட்ட சிப்பாய்களுக்கு படிப்படியா எடை கூட்டிக் கூட்டி பயிற்சி குடுத்து 1945ல எழுதுனாரு, அதுக்கு முன்னாடி அடிபட்ட காலுக்கு லேசா நிறைய தடவை அசைக்கிறதுதான் வழக்கம். பின்னாடி அவரோட முறை எளிமையாச்சு, 10 தடவை தூக்க முடியுற அதிகபட்ச எடையைக் கண்டுபிடிச்சு, அதுல பாதி ஒரு செட், முக்கால் ஒரு செட், முழுசு ஒரு செட். இன்னைக்கும் புதுசா வர்றவங்களுக்கு இதை அப்படியே குடுக்கலாம், கணக்கு எளிது, நோட்டுல நம்பர் ஏறுறது பளிச்சுன்னு தெரியும்.

எல்லாரையும் அதிகபட்ச எடை தூக்க வெச்சு சோதிக்கவும் வேணாம். ரெப்ஸை 30ஆல வகுத்து, அதை தூக்குன எடையால பெருக்கி, அதே எடையோட கூட்டுனா ஒரு தடவை எவ்ளோ தூக்க முடியும்னு தோராயமா வரும், 60 கிலோவை 5 தடவை தூக்குனா 70 கிலோ. பத்து ரெப்புக்கு மேல போனா இந்தக் கணக்கை நம்பாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பழைய பக்கத்தைத் திருப்பி அவங்ககிட்டயே காட்டுங்க, முதல் வாரம் தூக்குன எடை இன்னைக்கு அவங்க வார்ம்-அப்பா இருக்கும்.

கேள்வி: டெட்லிஃப்ட் சத்தத்துக்கு பக்கத்துக் கடைக்காரர் தினமும் சண்டைக்கு வர்றாரு. தடியான ரப்பர் போட்டாச்சு, அப்பவும் குறையல.

ரப்பர் தரையைக் காப்பாத்தும், அதிர்வை அவ்ளோவா தடுக்காது. சுவர் வழியாவும் தரை வழியாவும் போற அதிர்வுக்கு அடுக்கடுக்கா வேணும், கீழ ரப்பர், அதுக்கு மேல ரெண்டு பிளைவுட் ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்கா, மேல மறுபடி ரப்பர், அந்த மேடை சுவரைத் தொடாம இருக்கணும். கனமா தூக்குறவங்களுக்கு பிளேட் விழுற இடத்துல மட்டும் தடியான ஃபோம் மெத்தை போடுங்க.

அதை விட சீக்கிரம் பலன் தர்றது மெம்பர்கிட்ட இருந்து. பாரை மேல இருந்து விட்டுடுறதை நிறுத்துங்க, கையோட கீழ வரைக்கும் கொண்டு வந்து வைக்கச் சொல்லிக் குடுங்க. பக்கத்துக் கடைக்காரர்கிட்ட நீங்களே போய் எந்த நேரம் அவருக்கு ரொம்ப இடைஞ்சல்னு கேட்டு அந்த நேரத்துல டெட்லிஃப்ட் வைக்காதீங்க.

கேள்வி: கோச் வேலைக்கு சர்டிஃபிகேட் பாக்கவா, உடம்பைப் பாக்கவா? நல்லா கத்துக் குடுத்துட்டு அவர் மெம்பரைக் கூட்டிட்டு போய் தனியா ஆரம்பிச்சுட்டா?

சர்டிஃபிகேட் இருக்கணும், முதலுதவியும் நெஞ்சை அழுத்தி உயிர் காக்குற சிபிஆரும் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். இதயம் நின்ன ஆளுக்கு சிபிஆரோ ஷாக்கோ கிடைக்காத ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்குற வாய்ப்பு 7லிருந்து 10 சதவீதம் குறையுது, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. முடிஞ்சா இதயத்துக்கு ஷாக் குடுக்குற ஏஇடி கருவி ஒண்ணு வாங்கி எல்லார் கண்ணுக்கும் தெரியுற இடத்துல மாட்டுங்க.

உடம்பைப் பாத்து எடுக்காதீங்க. இன்டர்வியூவுக்கு வந்தவரை, எடையே தூக்காத உங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு 20 நிமிஷம் ஸ்குவாட் சொல்லிக் குடுக்கச் சொல்லி தள்ளி நின்னு பாருங்க. ஒரே நேரத்துல அஞ்சு திருத்தம் சொல்றவர் வேணாம். ஒண்ணு சொல்லி, அது சரியாகுற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் அடுத்ததைச் சொல்றவரை விட்றாதீங்க. எங்க நிக்குறாருன்னும் பாருங்க, நல்ல கோச் முதுகையும் காலையும் ஒரே பார்வையில பாக்குற மாதிரி பக்கவாட்டுல நகர்ந்து நிப்பாரு, போனை எடுக்கமாட்டாரு.

போயிடுவாரேங்கற பயத்துக்கு மருந்து நல்ல சம்பளமும் மெம்பர் கூடும்போது ஒரு பங்கும். அப்பவும் ஒருநாள் போவாரு, அது இயல்பு. ஒவ்வொரு மெம்பர் நோட்டும் ஸ்டுடியோவுல இருந்து, நீங்களும் வாரத்துக்கு ஒரு தடவையாவது எல்லாரையும் பாத்துப் பேசிட்டு இருந்தீங்கன்னா, அவரோட மொத்தமா எல்லாரும் போகமாட்டாங்க.

கேள்வி: பெஞ்ச் பிரஸ்ல ஆள் மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. எங்க ஸ்டுடியோவுல போன வாரம் ஒருத்தர் நெஞ்சு மேல பார் உக்காந்துடுச்சு, நல்லவேளை பக்கத்துல ஆள் இருந்தாங்க.

பெஞ்சை இனிமே ரேக்குக்குள்ள மட்டும் போடுங்க. நெஞ்சை நிமித்திப் படுத்தா பார் சேஃப்டி பின்னுக்கு ஒரு விரல் மேல நெஞ்சைத் தொடணும், நெஞ்சைத் தளர்த்துனா பின்னுல உக்காரணும், அந்த உயரத்தை ஒவ்வொருத்தர் நோட்டுலயும் முதல் பக்கத்துல எழுதி வைங்க, தினமும் தேட வேணாம். கட்டைவிரலை பாரைச் சுத்திப் பிடிக்காம உள்ளங்கையில சும்மா வெச்சு தள்ளுறதை ஸ்டுடியோவுல தடை பண்ணுங்க, வழுக்குனா நேரா நெஞ்சுலயோ கழுத்துலயோதான் விழும். புதுசா வர்ற ஒவ்வொருத்தரையும் வெறும் பாரை வேணும்னே பின்னு மேல இறக்கிட்டு அடியில இருந்து நழுவி வெளிய வரப் பழக்குங்க, ஸ்குவாட்லயும் அதே மாதிரி கீழ உக்காந்து பாரை பின்னுல வெச்சுட்டு முன்னாடி நகர்ந்து வரணும். தோத்தா எப்படி வெளிய வரணும்னு தெரியாத யாருக்கும் எடை கூட்டாதீங்க. வாரம் ஒரு நாள் ரேக் போல்ட், பின், பெஞ்ச் ரெக்ஸின், பிளேட் கழலாம பிடிக்குற காலர் எல்லாத்தையும் நீங்களே கையால தொட்டுப் பாத்து தேதி போட்டு எழுதுங்க, போன வாரம் நடந்ததையும் அதே நோட்டுல எழுதிடுங்க.